படுத்து எரிந்த ஊதுபத்தி

தொகாஷி எய்சுகே தம் எழுபத்திரண்டாவது வயதில், வாழ்க்கையிலேயே முதன்முறையாக, மட்டமான ஊதுபத்தி வேண்டும் என்று கேட்டுக் கடை ஏறினார்.

எங்கள் சகாதா ஊரில் பூசைச் சாமான் விற்கிற கடை அது. கடைக்கார அம்மாள் சுகவாராவுக்கு அவரை முப்பது வருஷமாகத் தெரியும். அவர் தலை தெரிந்தாலே 'புதிய வரவு' அட்டையை எடுத்து மேசைக்கு அடியில் போட்டுவிடுவாள். புதிதாக எதைக் காட்டினாலும் அரை மணி நேரம் விசாரணை நடக்கும் என்பது அவளுக்கு அனுபவம்.

"வழக்கமானதுதானே ஐயா? சந்தனமும் கிராம்பும் போட்டது?"

"இல்ல. ரோஜா வாசனை இருக்கா?"

சுகவாரா அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "யாருக்கு?"

"யாருக்கா இருந்தா என்ன? சென்ட் ஊத்திப் பண்ணினதா இருக்கணும். பத்த வெச்சா ஊரைக் கூட்டணும். கோட்டுல ஒட்டினா ஒரு வாரத்துக்குப் போகக் கூடாது. ஆனா பார்க்க நம்ம பத்தி மாதிரியே பழுப்பா இருக்கணும்."

"ஏன் ஐயா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருக்கா இல்லையா?"

இருந்தது. இந்தக் காலத்தில் அதுதான் அதிகம் விற்கிறது. அவள் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க, குப்பையை ஏந்துகிற மாதிரி இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு போனார். இவர் கையில் ரோஜா பத்தியா என்று அம்மாள் அன்றைக்கு முழுவதும் யோசித்தாளாம்.

அவர் யாரென்று தெரிந்தால்தான் அந்த ஆச்சரியம் புரியும். முப்பத்தாறு வருஷம் அரிசி இன்ஸ்பெக்டர். கிடங்கில் குத்தூசியை மூட்டையின் வயிற்றில் செருகி, உள்ளங்கையில் விழுகிற மணிகளை மோந்து பார்ப்பார். போன வருஷத்துப் பழைய அரிசியைப் புதுசோடு கலந்திருந்தால் மூக்கே சொல்லிவிடும். அந்த வேலைக்கு இரண்டு விதிகள் உண்டு. சோதனைக்கு வருவதை முன்கூட்டிச் சொல்லாதே. யாரையும் எதையும் கேட்காதே, கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான். மனிதர் இந்த இரண்டையும் சாயங்காலம் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மனைவி மிட்சுயோவோடு நாற்பத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தினார். அந்த நாற்பத்து நான்கு வருஷத்தில் அவளிடம் நேராக ஒரு கேள்வி கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. குழம்பில் உப்பு கூடினாலும் கேட்க மாட்டார். உப்பு ஜாடியைத் திறந்து அளவு பார்ப்பார்.

ஊதுபத்தி வாங்குவதும் அப்படித்தான். பெட்டியில் 'இயற்கை' என்று எழுதியிருந்தால் அவருக்கு முதல் சந்தேகமே அங்கேதான். "யோக்கியன் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வர்றான்?" என்பார். பற்றவைக்காத பத்தியை முதலில் மோந்து பார்ப்பார். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் அறைந்தால் அதோடு சரி, மூடிவிடுவார். நல்ல மரம் சூடு படும்வரை வாயைத் திறக்காது என்பது அவர் கட்சி. அதில் தேறினால் ஒரே ஒரு பத்தியைக் கேட்டு வாங்கிவந்து, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்து, பாதியாக ஒடித்துக் கொளுத்துவார். வாயால் ஊதுகிற வேலையே கிடையாது, கையால் விசிறித்தான் சுடரை அணைப்பார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது அறையில் யாரோ நல்லவர் வந்துபோன மாதிரி லேசாக இருந்தால் அது மரம். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று நின்றால் அது சென்ட். இந்தப் பரீட்சையில் தேறிய ஒரே ஒரு பத்தியைத்தான் இருபத்தைந்து வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார்.

மிட்சுயோ போய் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் பூசை மாடத்துக் கதவைத் திறந்து, அவள் படத்துக்கு முன்னால் சாம்பல் கிண்ணத்தின் நடுவில் ஒரே ஒரு பத்தியை நிமிர்த்தி நட்டுவைப்பார். எங்கள் ஊரில் பத்துக்கு ஒன்பது வீட்டில் ஜென் கோயில் வழக்கம்தான். ஒரு பத்தி, நட்ட நடுவில், நேராக. மாதத்துக்கொரு தடவை டீ வடிகட்டியில் சாம்பலைச் சலிப்பார். நட்டுவைத்த பத்தி அடிவரைக்கும் எரியாது, நகக்கண் அளவு தண்டு சாம்பலுக்குள் நின்றுவிடும். அந்தத் தண்டுகளைப் பொறுக்கிப் போட்டால் சாம்பல் மறுபடி பூ மாதிரி மெத்தென்று ஆகும். அவள் செய்துகொண்டிருந்த வேலை. இப்போது இவர் செய்கிறார்.

அக்டோபரில் அப்படிச் சலிக்கப் போனபோதுதான் சாம்பலில் ஒரு கோடு தெரிந்தது. விரல் நீளத்தில், பழுப்பாக, பிசின் ஒட்டிய கோடு. மேலே சாம்பலைக் கிளறி மூடியிருந்தார்கள். அரிசி மூட்டையிலும் மட்டத்தை இப்படித்தான் மூடுவார்கள், அவருக்குத் தெரியாததா? யாரோ பத்தியை ஒடித்துச் சாம்பல்மேல் படுக்க வைத்து எரித்திருக்கிறார்கள். படுத்து எரிகிற பத்தி தண்டு விடாது. பெட்டியில் பத்தி ஒன்று குறைந்திருந்தது, தண்டும் இல்லை. நவம்பர் பதினான்காம் தேதி மறுபடி ஒரு கோடு. டிசம்பர் பதினான்காம் தேதியும்.

பதினான்கு மிட்சுயோவின் மாத நினைவுநாள். அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு அவர் பொதுக் குளியலகத்துக்குப் போய் நான்கு மணிக்குத்தான் திரும்புவார் என்பது தெருவுக்கே தெரியும். குளியலகத்தில் உடுப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார். உள்ளே இருக்கிற பெரிய சொத்து ஒரு கம்பளி வயிற்றுப்பட்டி, அதில் ஊக்கால் குத்திய, கோயிலில் தாயத்து மாதிரி தருகிற சிவப்புப் பட்டுக் காவல்பை. இருதய ஆபரேஷனுக்குப் போனபோது மிட்சுயோ கொடுத்தது. மற்றக் காவல்பைகளை வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு கோயிலில் திருப்பிக் கொடுத்துப் புதுசு வாங்குவார்கள். "இது மட்டும் இருக்கட்டும்" என்று அவள் விடவே இல்லை, அதனால் இருந்தது. அவர் சொத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் எவனோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பத்தி கொளுத்தியிருக்கிறான்!

ஒரு நாள், அவளேதான் எழுந்து வருகிறாளோ என்றுகூட நினைத்தார். மிட்சுயோ பிறந்த தகாஓகா பக்கத்தில் எல்லோருமே பத்தியை ஒடித்துப் படுக்கத்தான் வைப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் நாளே அதை விட்டுவிட்டு, மாமியார் வழக்கப்படி நிமிர்த்தி வைக்கக் கற்றுக்கொண்டவள். ஆனால் ஆவி வந்து கொளுத்தினால் பெட்டியில் பத்தி குறையாது என்று இன்ஸ்பெக்டர் மூளை சொல்லிவிட்டது. குறைந்தது பத்தி என்றால் வந்தது ஆள்.

பக்கத்து வீட்டு இஷிகுரோ அம்மாளிடம் ஒருமுறை நோட்டம் விட்டார். "உங்க வீட்டுல பத்தியை எப்பிடி வைப்பீங்க?" என்று கேட்கவில்லை, அதுதான் அவருக்கு வராதே. அவள் வீட்டுக்கு ஒரு பெட்டி பத்தி அன்பளிப்பாகக் கொண்டுபோய், அங்கேயே உட்கார்ந்து, அவள் கொளுத்தும்வரை டீ குடித்தார். அவள் நிமிர்த்தித்தான் வைத்தாள். வீணாக மூன்று கோப்பை டீ.

அப்புறம் மிச்சம் ஒரே ஒரு பெயர்தான். மினோரு. மிட்சுயோவின் தம்பி. பிழைப்புக்காக அக்கா இருக்கிற பக்கமே வந்து, அரைமணி ரயில் தூரத்தில் த்சுருஓகாவில் பாய்லர் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருக்கிறவன். பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காதவன், மிதிக்க விடப்படாதவன்.

அதற்குக் காரணம் ஒரு அகில் கட்டை. எய்சுகேயின் அப்பா கிடங்கில் கணக்கராக இருந்தபோது, கப்பல் வியாபாரி ஒருவர் கைநிறையக் கொடுக்க முடியாமல் மனம் நிறையக் கொடுத்தது. கட்டைவிரல் அளவுதான், ஆனால் ரகத்தில் ராஜா. அப்பாவின் நினைவுநாளில் மட்டும் கடுகளவு சீவி, சாம்பலுக்குள் புதைத்த கரித்தணலுக்கு மேலே வைப்பார்கள். "நான் செத்தாலும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்பது எய்சுகே போட்ட சட்டம். எய்சுகே ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று மினோரு பார்க்க வந்தான். மாடத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் தனியாக உட்கார்ந்தான். ஊர்ப்பழக்கத்தில் பத்தியை ஒடித்துப் படுக்க வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் எய்சுகே கட்டை வைத்திருந்த பெட்டியைத் திறந்தார். கட்டை இல்லை.

வேறு ஒருவராக இருந்தால் வீட்டைத் தலைகீழாக்கிக் கேட்டிருப்பார். இவர் பெட்டியை மூடி இருந்த இடத்திலேயே வைத்தார். மினோரு அடுத்த தடவை வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, "இந்த வீட்டு மாடத்து முன்னாடி நீ இனிமே உட்கார வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அவன் முகம் சிவந்து, குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டான். ஏன் என்று கேட்கவில்லை. மடியில் கனம் இல்லாதவன் கேட்டிருக்க மாட்டானா? மிட்சுயோவும் கேட்கவில்லை. அந்த வருஷம் அப்பா நினைவுநாளில் இவர் வேண்டுமென்றே சும்மா இருந்தார். கட்டையை ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்கிறாளா பார்ப்போம் என்று ஓரக்கண்ணால் கவனித்தார். அவள் கேட்கவில்லை. சாதாரணப் பத்தியை நட்டுவைத்துவிட்டு, அன்றைக்கு வழக்கத்துக்கு மீறிய சந்தோஷத்தோடு மீன் பொரித்தாள். தம்பிக்கு உடந்தை என்று மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

அவள் ஈமச் சடங்கு அன்றும் மினோரு வந்தான். தெருமுனையில் பனியில் நின்றான், உள்ளே வரவில்லை. திருடனுக்குக் கால் எழாது என்று எய்சுகே நினைத்துக்கொண்டார். வெயில் காலத்தில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும்போது சில நாள் எங்கிருந்தோ அப்பாவின் கட்டை வாசனை மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும். அப்போதெல்லாம் எழுந்து போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பார், அவன்தான் கட்டையோடு இந்தப் பக்கம் திரிகிறானோ என்று.

சரி, அவன் உள்ளே வருகிறான் என்றால் கதவைத் திறந்துவிடுவது யார்? சாவி இருக்கிற ஒரே ஆள் மகள் யுகாரி. பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை. புதன்கிழமை தவறாமல் வந்து, அப்பாவை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய், துணி துவைத்து, அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் எய்சுகேயிடம் பேச ரேடியோவைத் தவிர ஆள் கிடையாது. அந்த ஒரு பெண்ணையும் சந்தேகப்பட வேண்டி வந்ததே என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டார். விட முடியவில்லை.

அதற்குத்தான் ரோஜா பத்தி. நல்ல பத்தியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டு, அதே பெட்டியில் ரோஜாவை நிரப்பி மாடத்தில் வைத்தார். ஜனவரி பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை, பனி முழங்கால் உயரம். எல்லோரும் கம்பளிக் கோட்டில் இருப்பார்கள், கம்பளி வாசனையை விடாது. இரண்டு மணிக்குக் குளியலகத்துக்குப் புறப்பட்டார்.

நாலு மணிக்கு வந்து கதவைத் திறந்ததும் தாமே இரண்டடி பின்வாங்கிவிட்டார். கல்யாண மண்டபத்தில் அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் பவுடர் கொட்டின மாதிரி வீடு நாறியது. சாம்பலில் கோடு இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்படத்தான் நினைத்தார். ஆனால் பாயில் ரோஜா, போர்வையில் ரோஜா. ராத்திரி மிசோ சூப்பை வாயில் வைத்தால் அதிலும் ரோஜா. சிவப்பு முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு பட்டினியாகப் படுத்தார். யுகாரி மாதாமாதம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போகிற ஊறுகாய். அதை மட்டும் அவர் ஏனோ சோதித்ததில்லை.

மறுநாள் புதன்கிழமை. யுகாரி வந்ததும் அவள் கோட்டை வாங்கி மாட்டுகிற சாக்கில் மூக்கை வைத்துப் பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. தலைமுடியில் ஆஸ்பத்திரி மருந்து வாசனை. அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூட்டை இறங்கியது.

"என்னப்பா இது, வீடு இப்பிடி நாறுது?" என்றாள் அவள், எதுவும் தெரியாதவள் போல.

"தெரியலயே" என்றார் இவர், அவளுக்கு மேலே எதுவும் தெரியாதவர் போல.

கடைக்குப் போகக் காரில் ஏறினார். முன்சீட்டுப் பெல்ட்டை இழுத்து மார்பில் மாட்டினார். பெல்ட்டிலிருந்து ரோஜா வந்தது.

கார் பாலத்தைத் தாண்டியது. பிறகு சொன்னார்: "நேத்து இந்த சீட்டுல மினோரு உட்கார்ந்திருக்கான்."

யுகாரி காரை ஓரமாக நிறுத்தினாள். "எப்பிடித் தெரியும்?"

"ரோஜா."

 பெட்டியிலிருந்த பத்தி, வீட்டு நாற்றம், அவர் கோட்டை மோந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிந்தது. "என்னைப் பிடிக்கறதுக்கு அம்மா மாடத்துல பொறி வெச்சீங்களா? அம்மாவுக்கு முன்னாடி அந்தக் கண்றாவியைக் கொளுத்த வெச்சீங்களா?"

"எத்தனை மாசமா நடக்குது?"

"அம்மா போன மாசத்திலிருந்து. அம்மாதான் சொன்னா. மாசத்துக்கு ஒரு தரம் மாமாவை உள்ள விடு, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு. கூடப் பொறந்தவர் ஒரு பத்தி கொளுத்தினா உங்க மாடம் இடிஞ்சா விழுந்துடும்? சாம்பலைக் கிளறி மூடினது நான்தான். நேத்து நாத்தம் தாங்காம கோட்டையும் தலையையும் அலசினதும் நான்தான். போதுமா? எழுதிக்குங்க."

"அவன் யார்னு உனக்குத் தெரியாது."

"எனக்கு மாமாவைத் தெரியும்ப்பா. உங்களைத்தான் தெரியல." காரைத் திருப்பினாள். வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டு, உள்ளே வந்து, செருப்பு அலமாரிமேல் சாவியை வைத்தாள். "பூட்டை மாத்தற செலவு உங்களுக்கு மிச்சம். இனிமே நான் வரல."

அவள் போன பிறகு எய்சுகே கோட்டைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே உட்கார்ந்திருந்தார். திருடனைப் பிடித்தாயிற்று, ஆனால் வீட்டில் ஆள் இல்லை. எழுபத்திரண்டு வயதில் தனியாகச் செத்து, ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருப்பதை இஷிகுரோ அம்மாள் கண்டுபிடிப்பாள் என்று தோன்றியது. முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மணி அடித்தது. யுகாரிதான் என்று ஓடிப்போய்த் திறந்தார். தொப்பியிலும் தோளிலும் பனியோடு மினோரு நின்றான். அறுபத்தாறு வயது, நரைத்துவிட்டான். மூன்று நாள் கழித்தும் கோட்டிலிருந்து ரோஜா வீசியது.

"அத்தான், நான் உள்ள வரல, இங்கயே நிக்கறேன். எனக்காக ஒரே ஒரு போன் பண்ணுங்க, புண்ணியமாப் போகும்."

"யாருக்கு?"

"என் பொண்டாட்டிக்கு! மூணு நாளா எனக்குச் சோறு இல்ல. எவ வீட்டுக்குப் போனே, எவ வீட்டுக்குப் போனேன்னு உயிரை எடுக்கறா. பத்தி வாசனைடின்னு நான் சொன்னா, எந்த வீட்டு மாடத்துலடா இப்பிடிப் பத்தி ஏத்துவாங்கன்னு கேக்கறா. என்ன எழவுப் பத்தி அத்தான் அது? நீங்க இதெல்லாம் வாங்கற ஆளே இல்லயே!"

வேறொரு சமயமாக இருந்தால் எய்சுகே சிரித்திருப்பார். ஒரு சந்தேகம் குட்டி போட்டு த்சுருஓகாவரை போயிருக்கிறது. ஆனால் பத்தொன்பது வருஷத்துக் கோபம் சிரிக்க விடவில்லை. "உள்ள வந்து கதவைச் சாத்து. சூடு போகுது" என்றார்.

மினோரு நடையில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். தலை குனிந்து, பலநாள் ஒத்திகை பார்த்தவன் போலச் சொன்னான்: "நான் அன்னிக்குப் படுக்க வெச்சது தப்புதான் அத்தான். உங்க வீட்டு வழக்கம் தெரிஞ்சும், அக்கா உயிரோட மீட்டுக்கிட்டு வந்த ஆளைப் பார்த்த சந்தோஷத்துல கை பாட்டுக்கு ஒடிச்சுப் படுக்க வெச்சுடுச்சு. உங்க குல மாடத்தை அவமானப்படுத்திட்டேன்னுதான் வர வேண்டாம்னீங்க. நியாயந்தான். நானும் அக்காவும் அதைப் பத்திப் பேசாத நாளே கிடையாது. அதுக்கப்புறம் அவ பத்தி வெச்சா நூல் பிடிச்ச மாதிரி நிமிர்த்தித்தான் வைப்பா, பார்த்திருப்பீங்களே. தம்பி பண்ணின தப்புக்கு அவ பரிகாரம் பண்ணினா."

 "பத்தியைப் பத்தி எவன்டா பேசறான்?" என்று எய்சுகே கத்தினார். பிறகு, எழுபத்திரண்டு வருஷத்தில் கேட்காத விதமாக, நேராகக் கேட்டார்: "எங்கப்பாவோட அகில் கட்டை எங்கடா?"

மினோரு நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அது உங்க இடுப்புலதானே அத்தான் இருக்கு?"

எய்சுகேயின் கை தானாக வயிற்றுப்பட்டிக்குப் போனது.

"ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி அக்கா என் பட்டறைக்கு வந்தா. மாமனார் கட்டை, மூலை குத்துது, அரத்தால கொஞ்சம் மழுக்கிக் குடுன்னா. அத்தான் கை வைக்கக் கூடாதுன்னாரே, தெரிஞ்சா கொன்னுடுவாரேன்னேன். 'அவர் இருந்தாத்தானேடா கொல்றதுக்கு? அவங்கப்பா கூட இருந்து காப்பாத்தட்டும்'னு அழுதா. கோயில்ல குடுத்த காவல்பையில மரச்சில்லை எடுத்துட்டு இதை வெச்சுத் தெச்சா. நீங்க வீட்டுக்கு வந்ததும் சொல்லிடணும்னுதான் இருந்தா."

"சொல்லலயே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே."

"சொல்லத்தான் பயந்துக்கிட்டு இருந்தா. அப்புறம் உங்கப்பா நினைவுநாள் வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே எனக்குப் போன் பண்ணினா அத்தான். 'அவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கார்டா. காலியா இருக்குன்னு தெரிஞ்சும் ஒண்ணுமே கேக்கல. நான் எதுக்கு எடுத்தேன்னு புரிஞ்சுக்கிட்டார்டா. இந்த மனுஷனைப் போய்க் கல்லுன்னு நெனச்சேனே'ன்னா. அவ்வளவு சந்தோஷமா அவ பேசி நான் கேட்டதே இல்ல."

 அந்த மீன் பொரியலின் ருசிகூட எய்சுகேயின் நாக்கில் வந்தது. ஓரக்கண்ணால் திருட்டைத் தேடிக்கொண்டிருந்த அந்த மௌனத்தை, அவள் அன்பென்று எடுத்துக்கொண்டு பதினேழு வருஷம் வாழ்ந்திருக்கிறாள். இவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தம்பியும் வந்துபோக வாழ்ந்திருப்பாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைக் கேட்டிருக்கிறோம், இவர் அந்த வெண்ணெயையே திருடிவிட்டார்கள் என்று ஊரையே சந்தேகப்பட்டவர். 

ஆனாலும் இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டர்தான். ஊக்கைக் கழற்றிக் காவல்பையை எடுத்தார். அதைத் திறந்து பார்க்கக் கூடாது, திறந்தால் காவல் போய்விடும். தடவிப் பார்த்தார். உள்ளே மரத்துண்டு. எல்லாக் காவல்பையிலும் மரத்துண்டுதான் இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் கெண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் மூடிக்கு மேலே, துணி கருகாத தூரத்தில், கையில் ஏந்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த ரோஜா நாற்றத்துக்கு நடுவிலேயே, மெல்ல, அப்பா வந்தார்.

நல்ல மரம் சூடு படும்வரை வாயைத் திறக்காது என்று கடை கடையாகச் சொன்ன மூக்கு அதுதான். வயிற்றுக்கு மேலே பத்தொன்பது வருஷம் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறது. எய்சுகே வாய்விட்டு அழுதார். மினோருவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அந்த ஊறுகாய்?" என்று அழுகைக்கு நடுவில் கேட்டார். கேட்பது ஒரு தடவை பழகிவிட்டால் நிற்காது போலிருக்கிறது.

"நான்தான் கொண்டுவந்து வெப்பேன். அக்காவுக்குப் பிடிக்கும்னு. அவளுக்கு வெச்சுட்டு மிச்சத்தைக் குளிர்பெட்டியில போடுவேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணு விடாம."

ரோஜா பத்தியை அப்படியே அள்ளிப் பின்பக்கத்துப் பனியில் வீசினார். ஜன்னலையெல்லாம் திறந்தார். கடல்காற்று வந்து இருவரையும் நடுக்கியது. அரிசி டப்பாவுக்குள்ளிருந்து நல்ல பத்தியை எடுத்துவந்து, மாடத்துக்கு முன்னால் மெத்தையைத் தட்டிப்போட்டு, "உட்காரு" என்றார்.

மினோரு பத்தியை வாங்கி, கொளுத்தி, பழக்கம் இல்லாத கையால் நடுவில் நட்டுவைக்கப் போனான்.

"ஒடிச்சுப் படுக்க வைடா" என்றார் எய்சுகே. "அவளும் படுத்திருக்கா. கண்ணுக்கு நேரா தெரியட்டும்."

மினோருவின் மனைவிக்குப் போன் செய்து, தம் பெயர் ஊர் எல்லாம் சொல்லி, ரோஜா தம்முடைய குற்றம்தான் என்று ஒப்புக்கொண்டார். அவள் நம்புவதற்கு இருபது நிமிஷம் ஆனது. பிறகு யுகாரிக்குச் செய்தார். அவள் எடுத்தாள்.

"யுகாரி. சாவி இங்கயே இருக்கு. மாமாவும் இங்கதான் இருக்கார். நான் ஒண்ணு கேக்கலாமா?"

"நீங்க கேக்கறீங்களா?"

"வருவியா?"

 ஆஸ்பத்திரியில் யாரோ பல் ராவுகிற ஓசை மட்டும் கேட்டது.

"அந்தப் பத்தியைத் தூக்கிப் போட்டீங்களா?"

"போட்டாச்சு. பனியில கெடக்கு."

"நீங்க சொன்னா நான் நம்பிடுவேனா?" என்றாள் எய்சுகேயின் மகள்.  "புதன்கிழமை வந்து மோந்து பார்த்துட்டுத்தான் நம்புவேன்."